அறுநூறு ரூபாயில் தொடங்கும் தீபாவளி

பண்டிகைப் பரிசுகளைப் பற்றிய கவலை பணம் போதாமையால் மட்டும் வருவதன்று. நாள் நெருங்கிய பின்னரே கணக்குப் பார்க்கத் தொடங்குவதும், பிறர் கொடுத்ததற்கு ஈடாகக் கொடுத்தாக வேண்டும் என்னும் எண்ணமும் அதற்குச் சம அளவில் காரணங்களாகும். தீபாவளிக்கு நான்கு நாட்கள் இருக்கும்போது கடைத்தெருவில் நிற்பவருக்கு, யாருக்கு எது பயன்படும் என்று சிந்திக்க நேரம் இருப்பதில்லை. இத்தனை வீடுகளுக்கு இத்தனை பெட்டிகள் என்று எண்ணி வாங்கிவிடுகிறார். வட இந்திய நகரங்களில் சோன் பாப்டிப் பெட்டிகள் பிரிக்கப்படாமலேயே வீடுவீடாகச் சுற்றிவருவது ஊரறிந்த நகைச்சுவை. நம்மவர்களும் இதில் சளைத்தவர்கள் அல்லர். நவராத்திரியில் வெற்றிலை பாக்குடன் வைத்துத் தரப்படும் ரவிக்கைத் துணிகளில் எத்தனை தையற்காரரிடம் போய்ச் சேருகின்றன?

அவசரத்தில் வாங்குவோர் கடன் அட்டையை நாடுவதும் உண்டு. தவணை தேதிக்குள் முழுத்தொகையையும் செலுத்துவோருக்கு இதனால் இழப்பில்லை. செலுத்த இயலாதவரின் நிலையைப் பார்ப்போம். நிலுவை 10,000 ரூபாய். மாத வட்டி 3.5 சதவீதம் என்று கொள்வோம். ஒரு மாத வட்டி 350 ரூபாய், அதன்மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. 63 ரூபாய். அவர் 500 ரூபாய் கட்டினால் அசலில் குறைவது 87 ரூபாய் மட்டுமே. நிலுவை இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. ‘வட்டியே இல்லாத தவணை’ என்ற விளம்பரத்தையும் நிதானமாகப் படிக்க வேண்டும். கடன் அட்டை நிலுவைக்குப் பூஜ்ய வட்டி என்ற கருத்தே உண்மையில் இல்லை என்றும், வட்டி வேறு கட்டணமாக மறைந்து நிற்கிறது என்றும் இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது.

மாற்று வழி பழையதுதான்: தொடர் வைப்புக் கணக்கு. ஆனால் பண்டிகைக்காகத் தொடங்குவோர் வழக்கமாகப் பன்னிரண்டு மாதங்களைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். தீபாவளி சந்திரனின் கணக்கில் வருவது. 2024இல் அக்டோபர் 31. 2025இல் அக்டோபர் 20. ஒரு தீபாவளி முடிந்த கையோடு தொடங்கிய பன்னிரண்டு மாத வைப்பு, அடுத்த தீபாவளி கழிந்த பின்னர் முதிர்வடையக்கூடும். ஆகவே பத்து மாதங்களே பொருத்தம். மாதம் 600 ரூபாய் வீதம் பத்து மாதங்கள் செலுத்தினால் 6,000 ரூபாய்; வட்டி ஆண்டுக்கு 6 சதவீதமாக இருப்பின் ஏறத்தாழ 165 ரூபாய் கூடும். வட்டி அற்பம்தான். இதன் பயன், செலவின் எல்லை ஜனவரியிலேயே தெரிந்துவிடுவதில் இருக்கிறது.

இனி அந்த 6,000 ரூபாயைப் பிரிப்போம். வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்குத் தரும் போனசை முதலில் எடுத்து வைத்துவிட வேண்டும். அதைப் பரிசுப் பட்டியலில் சேர்ப்பதே தவறு என்பது என் கருத்து. ஆண்டு முழுவதும் உழைத்தவர் எதிர்பார்த்துத் தம் செலவைத் திட்டமிட்டிருக்கும் தொகை அது. அவருக்குப் பணமாகவே, பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னதாகவே கொடுத்துவிடுவது நல்லது. தம் பிள்ளைகளுக்குத் துணி எடுக்க அவருக்கும் அவகாசம் வேண்டுமல்லவா? மாதச் சம்பளம் 2,000 என்றால் அதுவே போனஸ். காவலாளிக்கும் தூய்மைப் பணியாளருக்குமாக 1,000. எஞ்சுவது 3,000.

இந்த மூவாயிரத்தை இருபது வீடுகளுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 150 ரூபாய். மறுபடியும் சோன் பாப்டிதான். இங்கேதான் ஒரு பேச்சு தேவைப்படுகிறது. உடன்பிறந்தோர் நால்வர் ஒருவருக்கொருவர் 500 ரூபாய்த் துணி எடுத்துக்கொண்டால் ஒவ்வொருவரும் 1,500 செலவழித்து 1,500 பெறுகிறார்கள். பலருக்கு நிறமும் அளவும் பொருந்துவதில்லை. “இவ்வாண்டு முதல் குழந்தைகளுக்கு மட்டும் எடுப்போமா, அக்கா?” என்று ஆடி மாதத்திலேயே கேட்டுவிடலாம். வருமானம் சற்றுக் கூடியவர் கேட்பது இன்னும் நல்லது. குறைந்த வருமானம் உடையவர் மனத்தில் இருந்தும் வாய்திறக்கக் கூசிய சொல் அதுவாக இருக்கக்கூடும்.

அண்டை வீட்டாருக்கு வீட்டில் செய்ததே போதும். டெல்லியிலோ நாகபுரியிலோ வாழும் தமிழருக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. பக்கத்து வீட்டில் லட்டுக்கும் பர்பிக்கும் பஞ்சமிராது. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் இடித்து வெல்லமும் நெய்யும் விட்டுக் கிளறிய தீபாவளி மருந்து அங்கே புதுமை. ஒரு சிறு கிண்ணம் போதும், இனிப்பு மிகுந்த அந்த வாரத்தில் அது காலியாகித் திரும்பும். தொலைவில் உள்ளோருக்கு முறுக்கும் தட்டையும் அனுப்பலாம். பால் இனிப்புகள் அஞ்சல் பயணத்தைத் தாங்கா.

பெற்றோருக்கு என்ன கொடுப்பது? புடவையும் வேட்டியும் பெரும்பாலும் பீரோவில் அடுக்காகவே இருக்கும். அவர்களுடைய மூக்குக் கண்ணாடி கீறல் விழுந்திருக்கிறதா, கைப்பேசியின் எழுத்துகள் கண்ணுக்குத் தெரிகின்றனவா, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி உண்டா என்பதை ஊருக்குப் போகும்போது பார்த்து வரலாம். பட்டியலில் எஞ்சிய தொகைக்கு அதுவே சரியான இடம்.

காசே தேவைப்படாத ஒன்றும் அந்தப் பருவத்தில் காத்திருக்கிறது. அரசு ஓய்வூதியர்கள் பலர் ஆயுள் சான்றிதழ் அளிக்க வேண்டிய மாதம் நவம்பர். மத்திய அரசு ஓய்வூதியர்களில் 80 வயதைக் கடந்தோர் அக்டோபர் 1 முதலே அளிக்கலாம். 2014இல் தொடங்கிய ஜீவன் பிரமாண் திட்டத்தில், இப்போது கைப்பேசியின் கேமராவில் முகத்தைக் காட்டியே வீட்டிலிருந்து சான்றிதழைப் பெற முடியும். தீபாவளிக்கு ஊர் செல்லும் மகனோ மகளோ ஓய்வூதிய ஆணை எண், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை அருகில் வைத்துக்கொண்டு அப்பாவுடன் அரைமணி நேரம் அமர்ந்தால் போதும். நவம்பருக்கு முன்னரே பண்டிகை வந்துவிட்டால், செயலியை நிறுவி, இயக்கும் முறையைச் சொல்லித் தந்துவிட்டு வரலாம். அப்படியே அவருடைய வைப்புக் கணக்குகளில் நியமனதாரர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.