டிஏசி வாங்கும் முன்: பள்ளுருத்தித் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ மிக்ஸ் செய்து அனுப்பிய கஜலை இரண்டு முறை கேட்டேன். பாடகரின் குரலை அழகாகப் பிடித்திருக்கிறாய். ஹெட்போனில் ஒரு மாதிரியும் காரில் வேறு மாதிரியும் கேட்கிறதே, வெளியிலிருந்து இணைக்கும் டிஏசி ஒன்று வாங்கினால் சரியாகுமா என்று கேட்டிருந்தாய். இருபத்தைந்தாயிரம் ரூபாய்ப் பெட்டி ஒன்றின் படத்தையும் அனுப்பியிருந்தாய். இப்போதைக்கு அதை வாங்காதே. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

கணினிக்குள் பாட்டு வெறும் எண்களாகத்தான் இருக்கிறது. 1982இல் சிடி வந்தபோது அதற்கு வகுத்த கணக்கு இன்றும் மாறவில்லை: நொடிக்கு 44,100 அளவுகள், ஒவ்வொன்றும் 16 பிட். அந்த எண்களை ஹெட்போனை அசைக்கும் மின்னலையாக மாற்றுவதே டிஏசியின் வேலை. உன் லேப்டாப்பிலும் அந்தச் சில்லு இருக்கிறது. பெரும்பாலும் சில்லில் குறை இருக்காது. அது இருக்கும் இடத்தில்தான் குறை. விசிறி மோட்டார், வைஃபை, பிராசசருக்கு மின்சாரம் கொடுக்கும் சுற்றுகள் என்று இரைச்சல் எழுப்பும் கூட்டத்துக்கு நடுவே அது வேலை செய்கிறது. அந்தக் கூட்டத்திலிருந்து அதை வெளியே கொண்டுவருவதற்காகத்தான் வெளி டிஏசி.

உன் லேப்டாப்பில் அந்த இரைச்சல் இருக்கிறதா என்று முதலில் பார். ஹெட்போனைச் செருகு. பாட்டு எதையும் ஓடவிடாமல் ஒலியளவை முழுக்க ஏற்று. மவுஸை நகர்த்து, பெரிய கோப்பு ஒன்றை நகலெடு. மவுஸ் நகரும்போதெல்லாம் பின்னணியில் கிர்ரென்று மெல்லிய ஓசை கூடிக் குறைந்தால், அது மதர்போர்டிலிருந்து வருவது. டிஏசி அதைத் தீர்த்துவிடும். அதற்கு இருபத்தைந்தாயிரம் தேவையில்லை. ஆப்பிள் விற்கும், சுமார் ஆயிரம் ரூபாய் விலையுள்ள யுஎஸ்பி-சி ஹெட்போன் அடாப்டருக்குள் இருப்பதும் முழு டிஏசிதான், அதுவும் சுத்தமானது.

சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் ஸ்பீக்கரில் 'ம்ம்' என்று ஹம் வந்து, சார்ஜரைக் கழற்றியதும் நின்றுவிட்டால் கதையே வேறு. அது எர்த் வழியாகச் சுற்றிவரும் மின்னோட்டம். யுஎஸ்பி கேபிளிலும் கிரவுண்ட் கம்பி இருப்பதால் டிஏசி வாங்கினாலும் அது பின்னாலேயே வரும். லேப்டாப்பையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகு. ஸ்பீக்கருக்கு பேலன்ஸ்டு கேபிள் போடு. ஹம்மை நிறுத்த எர்த் பின்னை உடைக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதே. உயிர் போகிற விஷயம் அது.

இரண்டு சத்தமும் இல்லையென்றால் உன் பிரச்சினை டிஏசி அல்ல. காருக்கும் ஹெட்போனுக்கும் உள்ள வித்தியாசம் ஸ்பீக்கராலும், அதைச் சுற்றியுள்ள இடத்தாலும் வருவது. எந்தச் சில்லும் அதை மாற்றாது. சிறிய கான்கிரீட் அறையில் தபலாவின் கும்கி ஒரு மூலையில் ஊதிப் பெருகும், இரண்டடி தள்ளி உட்கார்ந்தால் காணாமல் போகும். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து தள்ளி வை, கனமான திரை போடு, மெத்தையை மூலையில் நிறுத்திப் பார். அந்தப் பணத்தில் நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கினாலும் பலன் உடனே தெரியும். வாங்கும்போது ஒன்றைக் கவனி: ஹெட்போனின் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே ஜாக்கின் அவுட்புட் இம்பீடன்ஸ் இருக்க வேண்டும். 16 ஓம் இயர்போனுக்கு 2 ஓம். அதைத் தாண்டினால், பல இயர்போன்களில் ஒலியின் சமநிலையே மாறிவிடும்.

இன்னொன்று, நீ பதிவும் செய்கிறாய். உனக்கு வேண்டியது டிஏசி மட்டும் உள்ள பெட்டி அல்ல, ஆடியோ இன்டர்ஃபேஸ். மைக்கிலிருந்து வரும் மின்னலையை எண்ணாக்கும் பாதி, எண்ணை மீண்டும் மின்னலையாக்கும் பாதி, ஹெட்போன் ஆம்ப் மூன்றும் அதிலேயே இருக்கும். நீ காட்டிய விலைக்கும் குறைவாகவே இரண்டு சேனல் இன்டர்ஃபேஸ் கிடைக்கிறது. அதனுடன் வரும் அசியோ டிரைவரைப் போட்டுக்கொள். விண்டோஸ் ஒலி அமைப்பு 48,000இல் இருந்து, கோப்பு 44,100ஆக இருந்தால் கணினி நடுவில் கணக்குப் போட்டு மாற்றும். இரண்டையும் ஒன்றாக வை. பதிவு 24 பிட்டில் இருக்கட்டும். குரல் எவ்வளவு உச்சத்துக்குப் போனாலும் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள். கஜல் பாடுபவர் எந்த வரியில் திடீரென்று எழும்புவார் என்று யாருக்குத் தெரியும்?

கடைக்காரர் இரண்டு பெட்டியை மாற்றி மாற்றிப் போட்டு 'எப்படி?' என்று கேட்டால் பதில் சொல்லாதே. கொஞ்சம் கூடுதல் சத்தமாக ஒலிப்பது எப்போதும் நல்லதாகவே கேட்கும். 100 ஹெர்ட்ஸ் தொனி ஒன்றை ஓடவிட்டு, மல்டிமீட்டரில் இரண்டின் வோல்டேஜையும் நூற்றில் ஒரு பங்கு வித்தியாசத்துக்குள் கொண்டுவா. பிறகு நண்பன் ஒருவனை உனக்குத் தெரியாமல் மாற்றச் சொல்லிக் கேள். இருபது முறையில் பத்து, பன்னிரண்டு முறைதான் சரியாகச் சொன்னாய் என்றால் அது குருட்டு அதிர்ஷ்டத்துக்கு மேல் ஒன்றுமில்லை. பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிடு.

உன் ஊரான பள்ளுருத்தியில் வாழ்ந்து 2020 ஏப்ரலில் அங்கேயே மறைந்த இசையமைப்பாளர் எம்.கே. அர்ஜுனன் மாஸ்டரின் பாட்டுகளை நீ அடிக்கடி கேட்பதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. ஃபோர்ட் கொச்சியில் பிறந்த அவர் வறுமை காரணமாகச் சிறுவயதில் நம் பழனி ஆசிரமத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கே குமரையா பிள்ளையிடம் பாட்டும் ஆர்மோனியமும் கற்றவர். 1968இல் 'கறுத்த பௌர்ணமி' படத்தில் சினிமா இசையமைப்பாளரானார். ஏ.ஆர். ரகுமானின் அப்பா ஆர்.கே. சேகர் அவருக்கு இசைக்கோர்ப்பு செய்தார். சேகர் மறைந்த பிறகு சிறுவனாக இருந்த ரகுமானைக் கீபோர்டு வாசிக்க அழைத்ததும் மாஸ்டர்தான். அந்தக் காலத்து மலையாளப் பாட்டுகளில் பெரும்பாலானவை சென்னை ஸ்டுடியோக்களில் பாடகரும் வாத்தியக்காரர்களும் சேர்ந்து பாடி வாசித்து, மோனோவாகப் பதிவானவை.

அவற்றைக் கேட்கவா உயர்ந்த டிஏசி வேண்டும்? பழைய ஒலிநாடாவின் இரைச்சலுக்கும் உச்ச ஒலிக்கும் இடைவெளி சுமார் 60 டெசிபல். 16 பிட் தருவதோ 96. நாடாவில் இல்லாததை எந்தப் பெட்டியும் தராது. நீ கேட்பது 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால், முதலில் நல்ல பிரதியைத் தேடு. செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கிய பிரதிகளை ஒதுக்கு. அவற்றில் குரல் கரைந்து போயிருக்கும். மோனோவில் பாடகர் மூச்செடுப்பது தெளிவாகக் கேட்கும், அதைக் கேட்டுப் பழகு.

ஊர் விஷயமும் ஒன்று உண்டு. காயலும் கடலும் பக்கத்தில் இருப்பதால் ஜாக்கும் பிளக்கும் சீக்கிரம் கறுத்துவிடும். மழைக்காலத்தில் 'கரகர' வந்தால் பெட்டியைச் சந்தேகிக்கும் முன் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடை. துலாவர்ஷத்தில், அதாவது வடகிழக்குப் பருவமழையில், மாலை இடி தொடங்குமுன் மின் பிளக், இன்டர்நெட் கேபிள் இரண்டையும் கழற்று. சுவிட்சை அணைத்தால் போதாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கொச்சிப் பாடகர் மெஹ்பூப் 1981இல் மறைந்தார், கஜல் பாடகர் உம்பாயி 2018இல் மறைந்தார். மட்டாஞ்சேரி இசை மெஹ்ஃபில்களில் உட்கார்ந்து கேட்ட, வாசித்த பெரியவர்கள் உன்னைச் சுற்றி இன்னும் இருக்கிறார்கள். இன்டர்ஃபேஸ் வந்ததும் உன் பாட்டுக்கு முன்னால் அவர்கள் வீட்டுக்குப் போ. அனுமதி கேட்டு, மின்விசிறியை அணைத்துவிட்டு, பாடச் சொல்லிப் பதிவு செய். வேவ் கோப்பாகவே வை, இரண்டு டிஸ்கில் வை, பெயரும் தேதியும் இடமும் எழுதி வை. முதல் பதிவை எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்