பயம் எவ்வளவு, பாதுகாப்பு எவ்வளவு?

நம் சங்கத்துக்கு வரும் ஒரு சகோதரி கேட்டார்: "அண்ணா, பொண்ணு டி.எம்.எல்.டி. முடிச்சிட்டா. காசநோய்ச் சளி பார்க்கிற லேப்ல வேலை கிடைச்சிருக்கு. அனுப்பலாமா?" நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடங்களில் 30 வருடம் உழைத்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கவலை வேறு வீடுகளிலும் இருக்கும் என்பதால் சற்று விவரமாகவே எழுதுகிறேன்.

"அங்கே அவளுக்கு என்ன வேலை?" என்று திருப்பிக் கேட்டேன். காசநோய்க் கிருமி பெரும்பாலும் மூச்சுக் காற்றோடு உள்ளே போய்த்தான் தொற்றுகிறது. ஆகவே, செய்கிற வேலையில் கிருமி கலந்த நுண்துளிகள் எவ்வளவு பறக்கின்றன என்பதே முக்கியம்.

சளியை ஸ்லைடில் தடவிச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது ஒரு வேலை. சளி கெட்டியானது, லேசில் பறக்காது. ஸ்லைடை நன்றாக உலர விட்டுத்தான் சுடரில் காட்ட வேண்டும். ஈரத்தோடு காட்டினால் தெறிக்கும். காற்றோட்டமான அறையில் தனி மேஜை போதும். காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வந்து எதிர் ஜன்னல் வழியே வெளியேற வேண்டும். சிபிநாட் பரிசோதனையும் ஏறக்குறைய இந்த ரகம்தான்.

கிருமியை வளர்க்கும் கல்ச்சர் லேப் முற்றிலும் வேறு. சளியில் இருந்ததைப் போலப் பல மடங்கு கிருமி அங்கே திரவத்தில் மிதக்கும். குலுக்கினாலும், பிப்பெட்டால் எடுத்து விட்டாலும் நுண்துளி கிளம்பும். சென்ட்ரிஃப்யூஜில் குழாய் உடைந்தாலோ கேட்கவே வேண்டாம். அங்கே காற்று வெளியே கசியாத அறை, வடிகட்டியுள்ள பாதுகாப்புப் பெட்டி, முகத்தில் சரியாகப் பொருந்தும் என்-95 எல்லாம் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2012-ஆம் ஆண்டுக் கையேடு, காசநோய் ஆய்வுக்கூட வேலைகளை இப்படி மூன்று அபாய நிலைகளாகப் பிரிக்கிறது. கிருமி ஒன்றுதான், வேலைதான் வேறு.

"எல்லா இடத்திலும் உச்சகட்டப் பாதுகாப்பே வைத்துவிடலாமே" என்பார்கள் சிலர். எனக்கு உடன்பாடில்லை. சிற்றூர் ஆஸ்பத்திரியில் ஸ்லைடு பார்க்கவே பெட்டி கட்டாயம் என்றால் பரிசோதனையே நின்றுபோகும்; நோயாளி வீட்டில் இருமிக்கொண்டிருப்பார். தேவையில்லாத நேரத்திலும் மாஸ்க் என்றால் ஒரு வாரத்தில் அது கழுத்துக்கு இறங்கிவிடும். பிறகு தேவையான நேரத்திலும் மேலே ஏறாது.

விதிப்படி நடந்தும், விதி அபாயத்துக்குப் பொருந்தாமல் போனதும் உண்டு. அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் வேதியியல் பேராசிரியையாக இருந்தவர் கேரன் வெட்டர்ஹான். 1996 ஆகஸ்டில் டைமெதில் மெர்க்குரியின் ஓரிரு துளிகள் அவர் கையுறை மேல் விழுந்தன. அது லேடெக்ஸ் உறை. அந்த திரவம் 15 விநாடிக்குள் லேடெக்ஸை ஊடுருவிவிடும் என்பது பிறகு சோதித்தபோதுதான் தெரிந்தது. 1997 ஜூனில் அவர் இறந்தார். கையுறை அணிந்தாரா என்பதல்ல, எந்தக் கையுறை என்பதே கேள்வியாகிவிட்டது.

லேப் வேலைக்குப் போகும் பிள்ளைகள் முதல் நாளே சில விஷயங்களை விசாரிக்கட்டும். கல்ச்சர் உண்டா, ஸ்லைடு மட்டுமா? நோயாளியிடம் சளி எங்கே வாங்குகிறார்கள்? அதைத் திறந்த வெளியில்தான் வாங்க வேண்டும், லேபுக்குள் கூடவே கூடாது. பெட்டி இருந்தால் வடிகட்டியைக் கடைசியாகச் சோதித்தது எப்போது? வருடம் ஒருமுறையாவது சோதித்திருக்க வேண்டும். பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் பெரும்பாலும் தேதி இருக்கும், பார்த்துக்கொள்ளலாம்.