பேரங்காடியிற் பொருள் கொள்ளுமாறு

மளிகைப் பொருள் வாங்குதலும் கற்றோர் ஆராய்தற்குரிய பொருளோ என்று நண்பர் சிலர் நகைத்தல் கூடும். நம் கல்லூரி மாணாக்கருட் பலர் சிறு வருவாயுடைய குடும்பங்களினின்று வந்தவர். அவர்தம் பெற்றோர் ஈட்டும் பொருளிற் பெரும்பகுதி உணவிற்கே செலவாகின்றது. பகிர்வு முறையில் நடக்கும் விடுதிகளிலோ மாதச் செலவு முழுவதும் உண்போர் தொகையால் வகுக்கப்பெற்று ஒவ்வொருவர் மேலும் விழுகின்றது. கொள்முதலிற் புகுந்த கவனக்குறைவு, எங்கோ ஒரு சிற்றூரில் நாற்று நடும் அன்னையின் ஒருநாட் கூலியை உண்டுவிடும். ஆதலின் இஃது இகழ்தற்குரிய பொருளன்று.

பண்டைப் புகாரிலும் மதுரையிலும் நாளங்காடி, அல்லங்காடி எனப் பகலினும் இரவினும் வாணிகம் நடந்தமையையும், புகார் வணிகரின் நடுவுநிலைமையைப் பட்டினப்பாலை புகழ்வதையும் நாம் கற்றுள்ளோம். அவ்வங்காடிகளில் விற்போனும் வாங்குவோனும் எதிரெதிர் நின்று விலை பேசினர். இற்றைப் பேரங்காடியில் விற்போன் முன்னிற்பதில்லை. அடுக்கப்பெற்ற பொருளே நம்மொடு பேசுகின்றது. வேண்டுவதை வாங்குவோரே எடுத்துக்கொள்ளும் இம்முறையை 1916-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மெம்பிஸ் நகரில் ‘பிக்லி விக்லி’ என்னும் கடையைத் திறந்து நிலைநாட்டியவர் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பார். சக்கரம் பூண்ட தள்ளுவண்டியை 1937-இல் ஓக்லகோமா நகரிற் கொணர்ந்தவர் சில்வன் கோல்ட்மன். என்னை அவர் கருத்து? கைக்கூடை கனத்தவுடன் மக்கள் வாங்குதலை நிறுத்திவிடுவதை அவர் கண்டனர். கனம் தோன்றாதாயின் இன்னும் வாங்குவர் என்று தெளிந்தனர். நான்கைந்து பொருளே வேண்டுவோர் வண்டியைத் தொடாது கூடையோடு செல்லுதல் நன்றென்பதற்கு இவ்வரலாறே போதிய சான்றாம்.

வேண்டும் பொருள்களை வீட்டிலேயே எழுதிக்கொள்ளல் வேண்டும். தமிழ்நாட்டில் அரிசி பெறும் குடும்ப அட்டையுடையார்க்கு 2011 முதல் நியாய விலைக் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்படுகின்றது. சர்க்கரை, பருப்பு, பாமாயில் ஆகியவையும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றைக் கழித்து எஞ்சியதையே எழுதுக. காய்கறிக்கு, 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை அண்மையில் இருப்பின் அதனையும் ஒருமுறை பார்த்து வருதல் தக்கது.

இனி, விலையை ஒப்பிடும் நெறியே இப்பொருளின் உயிர்நிலையாதலின் அதனைச் சற்று விரித்துரைப்போம். பொட்டலத்தின் விலை வேறு, பொருளின் விலை வேறு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குதலாலேயே பெரும்பாலும் இழப்பு நேர்கின்றது. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் வழி 2011-இற் செய்த விதிகள், பொதியில் நிகர எடையும், எல்லா வரியும் அடங்கிய உச்ச விலையும் பொறித்தல் வேண்டும் என்கின்றன. 2021-இல் வந்த திருத்தம், ஓரலகின் விலையையும் பொறிக்குமாறு விதித்தது. உடனே, இன்ன பொருளை இன்ன அளவிலேயே கட்டுதல் வேண்டும் என்றிருந்த பழைய அட்டவணையை நீக்கியும் விட்டது. ஆகவே அரைக்கிலோ என்று தோன்றும் பை 450 கிராமாகவும் இருக்கலாம். ஓரலகு விலையிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒரு கிலோவிற்குக் குறைந்த பொதியில் அது கிராமுக்கும், மிகுந்த பொதியிற் கிலோவிற்கும் காட்டப்படும். கிராமுக்கு 0.18 ரூபாய் என்றிருப்பின் ஆயிரத்தாற் பெருக்கி, கிலோ 180 ரூபாய் எனக் கொள்ளலாம். ஆயினும் இரண்டு பதின்மத் தானத்திற்கு முழுமையாக்கிய எண் அது. மெய்விலை 175-க்கும் 185-க்கும் இடையே எங்கும் நிற்றல் கூடும். அன்றியும் அது உச்ச விலையைக்கொண்டு கணித்தது. கடைக்காரர் குறைத்து விற்கும் விலையை அது காட்டாது. ஆதலின் கொடுக்கும் பணத்தை நிகர எடையால் தாமே வகுத்துக் காண்பதே துணிவு. இக்கணக்கிற்கு ஐந்தாம் வகுப்புக் கல்வியே அமையும்!

எண்ணெயை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் சமையலெண்ணெய் ஏறக்குறைய 910 கிராம் நிறுக்கும். ஒருவர் 800 கிராம் உறையை 128 ரூபாய்க்கும், மற்றொருவர் 910 கிராம் உறையை 143 ரூபாய்க்கும் விற்பதாகக் கொள்வோம். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும்; முன்னையது 15 ரூபாய் மலிவென்று கை தானே நீளும். வகுத்துப் பார்ப்பின் முன்னையது கிலோ 160 ரூபாய். பின்னையது 157 ரூபாய் சொச்சம். வெப்பத்தால் எண்ணெய் விரியும் என்னும் இயற்பியல் உண்மையும் இங்கே வாணிகத்திற்குக் கருவியாயிற்று. 60 பாகை வெப்பத்தில் இவ்வளவு கொள்ளும் என அச்சிட்டு, எடையைக் குறைத்து லிட்டர்க் கணக்கை நிரப்பிய உறைகள் வந்தமையால், வெப்பநிலை கூறாது கொள்ளளவோடு எடையையும் சரியாகக் காட்டுமாறு நடுவணரசு 2022-இற் பணித்தது. எண்ணெயில் எடையையே நோக்குக.

பெரும்பொதி எப்பொழுதும் மலிவு என்பதும் உண்மையன்று. தலைமுழுகும் ஷாம்பு, பல வேளைகளிற் சிறு உறையிலேயே மலிவாக அமைகின்றது. விரைவில் அழியும் பொருளிற் பெரும்பொதி கேடாகவும் முடியும். தக்காளி ஒரு கிலோ 36 ரூபாய், இரண்டு கிலோ 60 ரூபாய் என்றிருக்க, இரண்டு வாங்கி மூன்றிலொரு பங்கு அழுகிவிடின், உண்டது கிலோ 45 ரூபாய்த் தக்காளி.

சலுகை மொழிகளையும் நிறுத்துப் பார்த்தல் வேண்டும். ‘நூற்றுக்கு 50 மிகுதி’ என்பது பாதி விலையன்று. 150 கிராமை 100 கிராம் விலைக்குத் தருதலாதலின் மூன்றிலொரு பங்கு குறைவேயாம். ‘இரண்டு வாங்கின் ஒன்று இலவசம்’ என்பதும் அவ்வளவே. அதுவும் மூன்றும் பயன்பட்டால். உச்ச விலையினின்று எத்துணை தள்ளினர் என்று மகிழ்தல் வீண். உச்ச விலையைப் பொறிப்பவர் அப்பொருளைச் செய்தவரே யன்றோ?

உறையின் பின்புறத்தில் உட்பொருள்கள், எடை மிகுந்தது முன்னும் குறைந்தது பின்னுமாக எழுதப்பெறும். தேன் பெயர் தாங்கிய இன்பண்டத்திற் சர்க்கரை முதலாவதாக நிற்பின் வாங்குவது சர்க்கரையே. பனிக்கூழ் போல் விற்கப்படும் சிலவற்றில் பாற்கொழுப்பிற்கு மாறாகத் தாவர எண்ணெய் இருக்கும். பெயரைக் கூர்ந்து படிப்பின் அது புலப்படும். நாளையும் நோக்குக. குறித்த நாளுக்குள் உண்க என்பது ஒன்று. அந்நாள் வரை சுவையும் தரமும் சிறக்கும் என்பது மற்றொன்று. பழைய இருப்பை முன்னும் புதியதை உள்ளும் வைத்தல் கடை வழக்கமாதலின், பால், ரொட்டி வாங்குவோர் பின்வரிசைப் பொதியின் நாளையும் பார்த்து எடுத்தல் குற்றமாகாது.

பணம் செலுத்துமிடத்தில், பிள்ளைகள் கண்ணுக்கு நேரே மிட்டாய் வைத்திருப்பர். அங்கே நிற்கும் பொழுதினை ரசீதை ஒப்பிடுதற்குப் பயன்படுத்தலாம்; அடுக்கிற் கண்ட விலையும் சீட்டில் ஏறிய விலையும் மாறுதல் அருமையன்று. உச்ச விலைக்கு மேற் கேட்பின் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணிற் கட்டணமின்றி முறையிடலாம்.

விடுதிக் கணக்கை மேற்கொண்ட மாணாக்கர், அந்த ரசீதுகளை எறிந்துவிடாது ஒரு குறிப்பேட்டில் பொருள், நிகர எடை, விலை என மூன்று பத்தியாக எழுதிவருக. ஐந்து ரூபாய் பிஸ்கட்டு ஐந்து ரூபாயாகவே நிற்க, எடை மட்டும் சில கிராம் தேய்ந்திருப்பதை அக்குறிப்பேட்டின் நடுப்பத்தி காட்டிவிடும்.