எச்சரிக்கையை ஏற்பதும் பழுதை நீக்குவதும்

பஞ்சாலைகளுக்கும் பம்புசெட்டுகளுக்கும் பெயர் பெற்ற பீளமேட்டில் 2010ஆம் ஆண்டு முதல் டைடல் பூங்காவும் இயங்கி வருகிறது. இங்குக் கணினித் தொழில் பயில வரும் கிராம இளைஞர்கள் அறிய வேண்டிய பாடம் ஒன்று உண்டு.

தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளைக் கண்ணாடி இழைக் கம்பியால் இணைக்கும் நோக்குடன் பாரத்நெட் திட்டம் வகுக்கப்பட்டது. இத்தகைய வலையமைப்பில் இணைப்பு அறுந்தால், கண்காணிப்பு மென்பொருள் எச்சரிக்கை விடுக்கும். 2001இல் வெளிவந்த ஸாபிக்ஸ் இவ்வகை மென்பொருள்களுள் ஒன்று. எச்சரிக்கையைக் கண்டதாக ஊழியர் ஒப்புக்கொண்டால், அவர் பெயரும் நேரமும் அதில் பதிவாகும். எவரும் ஒப்புக்கொள்ளாவிடில், மேலதிகாரிக்குச் செய்தி செல்லுமாறும் அமைக்கலாம்.

2024 நவம்பரில் வெளியான மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்னும் பொது நெறியின் வாயிலாக, செயற்கை நுண்ணறிவு முகவரும் இவ்வேற்பைச் செய்ய இயலும். ஒரு கம்பி அறுந்து நள்ளிரவில் நூறு எச்சரிக்கைகள் ஒருங்கே வரின் இது பேருதவியாகும். ஆயினும், ஏற்பது வேறு. பழுது நீக்குவது வேறு. முகவர் ஏற்றவுடன் மேலதிகாரிக்குச் செல்ல வேண்டிய செய்தி நின்றுவிடலாம். கம்பியோ அறுந்தே கிடக்கும். மறுநாள் காலை இ-சேவை மையத்துக்குச் சான்றிதழ் பெற வரும் உழவர் வெறுங்கையுடன் திரும்ப நேரும்.

ஆகவே, மூன்று விதிகளைக் கடைப்பிடித்தல் நலம். முகவருக்குத் தனிக் கணக்கு இருத்தல் வேண்டும். ஒவ்வோர் ஏற்பிலும் காரணத்தையும், பழுது பார்க்கச் செல்லும் ஊழியரின் பெயரையும் அது குறித்தல் வேண்டும். கடும் பழுதுகளை ஏற்கும் உரிமை மனிதரிடமே இருத்தல் வேண்டும். இணைப்பு மீண்டும் வந்த பின்னரே பணி முடிந்ததாகக் கொள்க.