கைக்குழந்தையுள்ள வீட்டில் கணவனும் மனைவியும்

(குடும்ப வேதபாடம்)

வாசிக்க வேண்டிய பகுதிகள்: 1 சாமுவேல் 1-ம் அதிகாரம், எபேசியர் 5:25–33, 1 தெசலோனிக்கேயர் 2:7, 1 பேதுரு 3:7

கிறிஸ்துவுக்குள் பிரியமான ஜெபப் பங்காளர்களே,

இந்த முறை வேதபாடத்தைச் சிறு பிள்ளைகளையுடைய இளம் தம்பதியரை மனதில் வைத்து எழுதுகிறேன். பேரப்பிள்ளைகளைக் கண்ட மூத்தவர்களும் இதைத் தள்ளிவைத்துவிடாமல் வாசிக்கும்படி அன்பாய்க் கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு.

முதலாவது என் சொந்தக் குறையைச் சொல்லித் தொடங்குகிறேன். நான் மருத்துவமனைச் சாப்ளினாக ஊழியத்தை ஆரம்பித்த நாட்களில் எங்கள் மூத்த மகனுக்கு மூன்று வயது. இளையவள் ஐந்து மாதக் கைக்குழந்தை. காலை ஆறரை மணிக்கு வார்டு ஜெபத்திற்குப் புறப்பட்டால், இரவு ஒன்பது மணிக்குத்தான் வீடு திரும்புவேன். ஒரு நாள் இரவு சாப்பிட்டுக்கொண்டே, ஆண்கள் வார்டில் இருந்த ஒரு விவசாயியைப் பற்றி மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருடைய மூன்று பிள்ளைகளின் பெயர், அவர் விற்றுவிட்டு வந்த கறவைப் பசு, முந்தின இரவு அவர் தூங்காமல் கிடந்தது, எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. மனைவி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "ஏங்க, அந்தப் பத்தாம் நம்பர் பெட்டுக்காரர் கஞ்சி குடிச்சாரா இல்லையான்னுகூட உங்களுக்குத் தெரியுது. நான் இன்னைக்கு மத்தியானம் சாப்பிட்டேனான்னு தெரியுமா?" என்றாள்.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அவள் மத்தியானம் சாப்பிட்டிருக்கவில்லை. இரவும் அதுவரை சாப்பிடவில்லை. அன்று குடும்ப ஜெபத்தில் என்னால் வாய் திறக்க முடியவில்லை. மனைவியைக் கனப்படுத்தாத புருஷனுடைய ஜெபம் தடைபடும் என்று அப்போஸ்தலனாகிய பேதுரு எச்சரிப்பதை நான் பல முறை பிரசங்கித்திருந்தேன். அதன் பொருள் அந்த இரவில்தான் எனக்கு விளங்கிற்று.

இதை எழுதலாமா என்று மனைவியிடம் கேட்டேன். "எழுதுங்க. ஆனா அதுக்கப்புறம் நீங்க மாறினதையும் சேர்த்து எழுதுங்க" என்றாள். அப்படியே எழுதுகிறேன்.

1. எல்க்கானா கற்றுக்கொண்ட பாடம்

அன்னாளின் கண்ணீரையும் ஜெபத்தையும் பற்றி நாம் அநேக பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறோம். அவள் புருஷனாகிய எல்க்கானாவைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. அவன் மனைவியை நேசித்தவன் என்று வேதம் சாட்சியிடுகிறது. ஆனாலும் அவன் அன்பு எப்படி வெளிப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

ஆரம்பத்தில் அவன் அவளுக்கு விசேஷித்த பங்கைக் கொடுத்தான். அவள் அழுதபோது, பத்துக் குமாரரைவிட நான் உனக்கு மேலானவன் அல்லவா என்ற கருத்தில் கேட்டான். நல்ல எண்ணத்தோடுதான் கேட்டான். ஆனால் அந்தக் கேள்வியில் அவளுடைய பாரத்தைவிட அவனே பெரிதாக நிற்கிறான். அன்னாள் தன் இருதயத்தை அவனிடத்தில் அல்ல, கர்த்தருடைய சமுகத்தில்தான் ஊற்றினாள்.

சாமுவேல் பிறந்த பிறகு காட்சி மாறுகிறது. வருஷாந்தர பலியைச் செலுத்தக் குடும்பம் முழுவதும் சீலோவுக்குப் புறப்படுகிறது. அன்னாள், பிள்ளை பால்மறக்கும்வரை நான் வரவில்லை என்கிறாள். அந்நாட்களில் பால்மறக்க இரண்டு மூன்று வருஷங்கள் ஆகும். எல்க்கானா என்ன செய்தான்? "ஊரார் என்ன சொல்லுவார்கள்?" என்று கேட்கவில்லை. "ஆலயத்தைவிடப் பிள்ளை பெரிதா?" என்று குத்தவில்லை. அவளுக்கு நலமாய்த் தோன்றுகிறதைச் செய்யச் சொல்லி, கர்த்தர் தம்முடைய வார்த்தையை நிறைவேற்றும்படி வாழ்த்தி விடைபெற்றான்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். எண்ணாகமம் 30-ம் அதிகாரத்தின்படி, மனைவி பண்ணிய பொருத்தனையைச் செல்லாததாக்கப் புருஷனுக்கு அதிகாரம் இருந்தது. சாமுவேல் எல்க்கானாவுக்கும் பிள்ளைதான். ஆனாலும் அவன் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தவில்லை. அவளுடைய விசுவாசத்தை மதித்தான். மனைவியின் வார்த்தைக்கு மதிப்புக் கொடுப்பது புருஷனுடைய தலைமைக்குக் குறைவல்ல என்பதற்கு இது நல்ல சாட்சி.

கைக்குழந்தையுள்ள தாய் ஞாயிறு ஆராதனையில் முழுமையாய் உட்கார முடியாத மாதங்கள் உண்டு. வேதத்தைத் திறந்தவுடன் தூங்கிவிடுகிற நாட்களும் உண்டு. அவள் பக்தியில் பின்வாங்கிப்போனாள் என்று எண்ணாதிருங்கள். அவளுடைய சீலோ அப்போது அவள் மடியில் இருக்கிறது.

2. "காப்பாற்றுதல்" என்ற ஒரு சொல்

எபேசியர் 5:29-ல், ஒருவன் தன் சொந்தச் சரீரத்தைப் போஷிப்பதுபோல மனைவியைப் பேணவேண்டும் என்று பவுல் போதிக்கிறார். அங்கே நம் தமிழ் வேதாகமத்தில் "காப்பாற்று" என்று வருகிற கிரேக்கச் சொல்லுக்குச் சூடு கொடுத்தல், அணைத்து வைத்துக்கொள்ளுதல் என்பது மூலப்பொருள். புதிய ஏற்பாட்டில் அந்தச் சொல் இன்னும் ஒரே ஓர் இடத்தில் வருகிறது. அது 1 தெசலோனிக்கேயர் 2:7. அங்கே பால்கொடுக்கிற தாய் தன் பிள்ளைகளை அணைத்துக்கொள்வதைக் குறிக்கிறது. அப்படியானால், தாய் குழந்தையை எப்படிப் பேணுகிறாளோ அப்படியே புருஷன் அந்தத் தாயைப் பேணவேண்டும் என்பது விளங்குகிறதல்லவா?

குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு தோலோடு தோலாகச் சேர்த்துக் கட்டிவைக்கும் முறையை உங்களில் பலர் அறிவீர்கள். கங்காரு முறை என்று அதைச் சொல்லுகிறார்கள். 1970களின் இறுதியில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கி, இன்று உலகெங்கும் நடைமுறையில் உள்ளது. தாய் ஓய்வெடுக்கும்போது தகப்பனும் அப்படிக் குழந்தையை வைத்துக்கொள்ளலாம். தகப்பன் குழந்தையை மார்பில் வாங்கிக்கொள்ளும் அந்த ஒரு மணி நேரத்தில் தாய் தூங்குகிறாள். ஒரே செயலில் இருவரும் காப்பாற்றப்படுகிறார்கள்.

பிறந்த குழந்தைக்கு இருபத்துநான்கு மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் கொடுக்கவேண்டியிருக்கிறது. அவற்றில் சில நடுஇரவில் வரும். பாலைத் தகப்பன் கொடுக்க முடியாது, உண்மைதான். ஆனால் பால் குடித்த குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்யலாம். நனைந்த துணியை மாற்றலாம். தாய்க்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைக்கலாம். இவை சிறிய காரியங்கள். ஆனால் இரவு இரண்டு மணிக்குச் செய்யப்படும்போது சிறியவை அல்ல.

3. ஊழியத்தின் பெயரால்

வில்லியம் கேரியின் பெயரை அறியாத சபை இல்லை. அவர் 1793-ல் இந்தியாவுக்குக் கப்பலேறினபோது, அவர் மனைவி டாரதிக்குக் குழந்தை பிறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. வர மனமில்லாதிருந்த அந்தத் தாய், கடைசி நேரத்தில் தன் சகோதரியும் உடன் வர இணங்கியபின், நான்கு பிள்ளைகளோடு புறப்பட்டாள். அடுத்த ஆண்டிலேயே, 1794-ல், ஐந்து வயது மகன் பீட்டர் வங்காளத்தில் நோயினால் இறந்துபோனான். அதன்பின் டாரதியின் மனநிலை குலைந்தது. 1807-ல் செராம்பூரில் மரிக்கும்வரை அவள் சுகமடையவே இல்லை.

கேரியை நியாயந்தீர்க்க நமக்கு உரிமையில்லை. அந்நாளில் மனநோய்க்கு ஏற்ற மருந்தும் இல்லை. அவர் மனைவியைக் கைவிடவும் இல்லை. ஆனாலும் அவருடைய மொழிபெயர்ப்புப் பணியை நினைத்துத் தேவனைத் துதிக்கும்போது, பக்கத்து அறையில் அழுதுகொண்டிருந்த அந்தத் தாயையும் நினைக்கவேண்டும். ஊழியமானாலும், உத்தியோகமானாலும், ஓவர்டைம் ஆனாலும், அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை வீட்டில் யார் செலுத்துகிறார்கள் என்று நாம் கேட்டுப்பார்ப்பது நல்லது.

4. பாராட்டு வாயினால் சொல்லப்படவேண்டும்

"அவளுக்குத் தெரியாதா? நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா?" என்று நம்முடைய ஆண்கள் சொல்வதுண்டு. நீதிமொழிகள் 31-ம் அதிகாரத்தின் குணசாலியான ஸ்திரீயைப் பாருங்கள். பிள்ளைகள் எழுந்து அவளை வாழ்த்துகிறார்கள். புருஷன் அவளைப் புகழுகிறான். புருஷன் புகழுவதைக் கேட்டுத்தானே பிள்ளைகள் வாழ்த்தக் கற்றுக்கொள்ளுவார்கள்?

பாராட்டு குறிப்பாக இருக்கட்டும். "நீ நல்லவள்" என்பதைவிட, "பாப்பாவுக்குக் காய்ச்சல் அடிச்ச மூணு ராத்திரியும் நீ கண்ணை மூடவே இல்லை. நான் பார்த்தேன்" என்பது இருதயத்தைத் தொடும். அதைத் தாயாருக்கு முன்பாகவும் சொல்லுங்கள். மாமியார் முன்னிலையில் கணவன் சொல்லும் ஒரு நல்ல வார்த்தை, அறைக்குள் சொல்லும் பத்து வார்த்தைக்குச் சமம்.

மனைவிமாருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை பிறந்தவுடன் கணவன் வீட்டில் மூன்றாம் இடத்துக்குப் போய்விடுவது எளிது. அவர் குழந்தையைக் குளிப்பாட்ட முன்வரும்போது, "உங்களுக்குத் தெரியாது, விடுங்க" என்று வாங்கிக்கொண்டால், மறுமுறை அவர் வரமாட்டார். அவர் கட்டிய துணி கோணலாக இருந்தாலும் இருக்கட்டும். கடன் தவணைக்கும் பள்ளிக் கட்டணத்திற்கும் அவர் படும் பாட்டைக் கண்டதாகச் சொல்லுங்கள். அடுத்த வீட்டுக்காரரோடு ஒப்பிடாதிருங்கள்.

5. மருத்துவம் காட்டும் எச்சரிப்பு

இது வெறும் நல்ல பழக்கத்தைப் பற்றிய காரியம் மாத்திரமல்ல. பிரசவித்த தாய்மாரில் உலக அளவில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு, பெரும்பாலும் மனச்சோர்வு, ஏற்படுவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது; வளரும் நாடுகளில் இது ஏறக்குறைய 20 சதவீதம். வேலூர்ப் பகுதிக் கிராமங்களில் நடத்தப்பட்டு 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், பிரசவத்திற்குப்பின் புதிதாக மனச்சோர்வு அடைந்தவர்கள் 11 சதவீதம். அதோடு தொடர்புடைய காரணங்களில் சில: குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு, வேலைக்கு உதவ ஆள் இல்லாமை.

மூத்தவர்களே, உங்கள் பங்கு இங்கேதான் இருக்கிறது. பெண் பிறந்ததென்று முகம் சுளிக்காதிருங்கள். "நாங்கள் எல்லாம் பெறவில்லையா?" என்று சொல்லாதிருங்கள். ஒரு வேளைச் சமையலை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரசவமான முதல் சில நாட்களில் காரணமின்றி அழுகை வருவது சகஜம். பெரும்பாலும் தானாகவே தீர்ந்துவிடும். ஆனால் இரண்டு வாரத்திற்கு மேலும் சோகம் நீடித்தால், குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வராவிட்டால், எதிலும் விருப்பமில்லாமற்போனால், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சாவைப் பற்றியோ குழந்தைக்குத் தீங்கு செய்வதைப் பற்றியோ பேசினால், அவளைத் தனியே விடாமல் உடனே கொண்டுவாருங்கள். இது விசுவாசக் குறைவல்ல, பிசாசின் பிடியும் அல்ல. சிகிச்சையினால் குணமாகும் நோய். ஜெபமும் செய்யுங்கள், மருந்தும் கொடுங்கள்.

6. இந்த வாரமே செய்யக்கூடியவை

• வேலையிலிருந்து வந்தவுடன் முதல் கேள்வியாக, "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். பதிலை நின்று கேளுங்கள்.

• ஒரு வேலையை முழுவதுமாக உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் மூத்தவனைக் குளிப்பாட்டிச் சாப்பிட வைப்பது என் வேலையாயிற்று. அதற்காகக் காலை ஐந்து மணிக்கு எழும்பினேன்.

• பிள்ளைகள் தூங்கினபின் பதினைந்து நிமிஷம் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். செல்போன் அடுத்த அறையில் இருக்கட்டும்.

• குடும்ப ஜெபத்தில் மனைவிக்காகப் பெயர் சொல்லித் தேவனைத் துதியுங்கள். அவளும் உங்களுக்காக அப்படியே செய்யட்டும். பிள்ளைகள் கேட்கட்டும்.

• வாரத்தில் ஒரு நாள் அவள் இரண்டு மணி நேரம் தடையின்றித் தூங்கும்படி குழந்தையை வெளியே தூக்கிக்கொண்டு போங்கள்.

அந்த இரவுக்குப் பின் நான் ஒரேயடியாய் மாறிவிடவில்லை. பல நாள் தவறினேன். ஆனால் இரவில் வீட்டுக்குள் நுழைந்தவுடன் நான் முதலில் பார்ப்பது சோற்றுப் பானையைத்தான். அவள் சாப்பிடாதிருந்தால் இருவரும் சேர்ந்தே உட்காருவோம். பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்ட பிறகும் அந்தப் பழக்கம் எங்களை விடவில்லை. தேவனுக்கே மகிமை உண்டாவதாக.

சிந்திக்கவும் பேசவும்

1. எல்க்கானாவின் முதல் ஆறுதலுக்கும் பிந்தின பதிலுக்கும் உள்ள வித்தியாசம் என்ன? நாம் எதைப்போல் இருக்கிறோம்?

2. கடந்த வாரம் உங்கள் துணை செய்த எந்தக் காரியத்தைக் கண்டும் சொல்லாமல் விட்டீர்கள்?

3. நம் சபையில் கைக்குழந்தையோடு தனித்து நிற்கும் தாய் யார்? அவளுக்கு ஒரு வேளை உணவை யார் கொண்டுபோவது?

ஜெபக் குறிப்பு: சிறு பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு இரவுப் பணிக்கு வருகிற செவிலியர்களையும், அவர்களுக்காக வீட்டில் கண்விழித்திருக்கிற கணவன்மாரையும் உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் காணிக்கைகள் நோயாளிகளைத் தாங்குகின்றன. உங்கள் ஜெபங்கள் இந்தக் குடும்பங்களைத் தாங்குகின்றன.

ஜெபம்: அன்பின் பிதாவே, தூரத்திலிருக்கிறவர்களின் பாரத்தை அறிந்து, அருகிலிருப்பவளின் பசியை அறியாமற்போன எங்களை மன்னியும். எங்கள் வீடுகளில் ஒருவரையொருவர் காணும் கண்களையும், கண்டதைச் சொல்லும் நாவையும் தாரும். இயேசுவின் மூலம் ஜெபிக்கிறோம், ஆமென்.

கர்த்தருடைய பணியில் உங்கள் சகோதரன்,
மருத்துவமனைச் சாப்ளின்