பெயர் சொல்லப்படாத அண்டை வீட்டார்



ஈமான் பயான்களால் மட்டும் வளர்வதில்லை. பக்கத்து வீட்டில் சத்தமில்லாமல் வாழும் ஒரு நல்ல மனிதராலும் அது வளர்கிறது. இதற்கு உமர் (ரலி) அவர்களின் வாழ்விலேயே ஆதாரம் இருக்கிறது.

உமர் (ரலி) அவர்கள் மதீனாவின் மேட்டுப் பகுதியில், பனூ உமய்யா பின் ஸைத் குலத்தார் வசித்த இடத்தில் குடியிருந்தார்கள். பிழைப்பையும் பார்க்க வேண்டும். நபி (ஸல்) அவர்களின் சபைக்கும் போக வேண்டும். எனவே அவர்களும் அண்டை வீட்டு அன்சாரித் தோழரும் முறை வைத்துக்கொண்டார்கள். ஒருநாள் இவர் போவார், மறுநாள் அவர் போவார். போய் வந்தவர் அன்றைய வஹீயையும் மற்றச் செய்திகளையும் அடுத்தவருக்குச் சொல்வார். இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது.

சகோதரர்களே, சிந்தித்துப் பாருங்கள்! உமர் (ரலி) அவர்கள் போகாத நாட்களில் இறங்கிய வஹீ, ஓர் அண்டை வீட்டாரின் வாய்வழியாகவே அவர்களை வந்தடைந்தது. அவரை "என் அண்டை வீட்டார்" என்று மட்டுமே அந்த அறிவிப்பில் சொல்கிறார்கள். பெயர் இல்லை. ஆனால் அவருடைய நன்மை வீணாகவில்லை.

அவரிடம் நமக்கு இரண்டு பாடங்கள்.

ஒன்று, மார்க்கத்துக்காக உழைப்பையோ, உழைப்புக்காக மார்க்கத்தையோ அவர் விடவில்லை. தன் கையால் உழைத்து உண்பதைவிடச் சிறந்த உணவு இல்லை என்றும், தாவூத் (அலை) அவர்கள் அப்படித்தான் உண்டார்கள் என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள்.

இரண்டு, கேட்டதைத் தனக்குள் வைத்துக்கொள்ளாமல் அமானிதமாகக் கொண்டுவந்து சேர்த்தார்.

நம் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். பஜ்ர் தொழுதுவிட்டு நேராக வேலைக்குப் போவார். யாருக்கும் உபதேசம் செய்ய மாட்டார். ஆனால் அவரது செருப்புச் சத்தம் கேட்டுப் படுக்கையை விட்டு எழுந்தவர்கள் உண்டு. அவருக்கு ஸலாம் சொல்லுங்கள், துஆ செய்யுங்கள்.

அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) வலியுறுத்திக்கொண்டே இருந்ததால், அவரை வாரிசாகவே ஆக்கிவிடுவாரோ என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணினார்கள். அவ்வளவு பெரிய உரிமை அது. நம் சுவருக்கு அப்பால் இருப்பவர் முஸ்லிமோ, மாற்று மதத்தவரோ, நம்மிடமிருந்து அவர் எதைக் கற்கிறார்? இரவு வேலையால் பயானுக்கு வர இயலாதவருக்கு இன்று கேட்டதில் ஒன்றையாவது சொல்லுங்கள்.

நல்ல அண்டை வீட்டாரை நமக்குத் தந்து, நம்மையும் நல்ல அண்டை வீட்டாராக அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.