சாமி அறை ஜன்னலைத் திறந்து வையுங்கள்

போன செமஸ்டர் விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது, சிரம்பான் பசார் மாலாமில் அம்மாவுக்கு ஒரு வாசனை மெழுகுவர்த்தி வாங்கினேன். லாவெண்டர் வாசனை. எங்கள் வீடு ரந்தாவ் பக்கம், தோட்டத்தில் இருக்கிறது. அம்மா அதைத் தம்பி படுக்கும் அறையில் ஏற்றி வைத்தார். ஏர்கோன் ஓடியதால் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. ராத்திரி தம்பிக்கு இழுப்பு வந்துவிட்டது. இன்ஹேலர் எடுத்த பிறகுதான் மூச்சு சீரானது.

மெழுகுவர்த்திதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அன்று வெள்ளிக்கிழமை, பாட்டி வீடு முழுக்கச் சாம்பிராணியும் போட்டிருந்தார். ஆனாலும் வாங்கி வந்தவன் நான்தானே. படிக்க உட்கார்ந்தேன்.

மெழுகு உருகி, திரி வழியாக ஏறி, ஆவியாகித்தான் எரிகிறது. சுடர் ஆடினாலோ திரி நீண்டிருந்தாலோ சரியாக எரியாமல் கரி பறக்கும். வாசனைக்குச் சேர்க்கும் லிமோனீன் போன்ற பொருள்கள் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து ஃபார்மால்டிஹைடாக மாறும். அது கண்ணையும் தொண்டையையும் உறுத்தும். காற்றோட்டமுள்ள அறையில் எப்போதாவது ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினால் பயப்பட ஒன்றுமில்லை. மூடிய அறையில், அதுவும் ஆஸ்துமா உள்ளவர் பக்கத்தில் என்றால் கதை வேறு.

இதோடு நிறுத்தியிருந்தால் வீட்டில் எனக்கு நல்ல பெயர். ஆனால் நண்பர்களே, நம் ஊதுவத்தி இதைவிட மோசம். அதில் சுடரே கிடையாது, கனன்று புகைவது மட்டும்தான். 1 கிராம் ஊதுவத்தி எரிந்தால் சுமார் 45 மில்லிகிராம் துகள் வரும். 1 கிராம் சிகரெட்டில் சுமார் 10 தான். சிங்கப்பூர்ச் சீனர்கள் 61,320 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2008-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நெடுங்காலம் ஊதுவத்தி ஏற்றியவர்களிடம் மேல் சுவாசப் பாதைப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டது. அவர்கள் ஏற்றியது சீன ஊதுவத்தி. நம்முடையது மட்டும் புகையாதா என்ன?

2015 புகைமூட்டம் ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூடத்தையே மூடினார்கள். நாங்களும் ஜன்னலை இறுக்கச் சாத்திவிட்டு, உள்ளே தினமும் மூன்று ஊதுவத்தி ஏற்றினோம். வெளியே எந்த நுண்துகளுக்குப் பயந்தோமோ, அதே அளவுத் துகள்தான் இதிலும்.

பாட்டியிடம் சொல்லத்தான் தயங்கினேன். சாமி காரியம் ஆச்சே. "சாமிக்கு வேணாம்னு சொல்லல பாட்டி, சாத்தின ரூம்ல வேணாம்" என்றேன். பாட்டி சிரித்தார். "லயத்துல இருந்தப்ப ஜன்னல யாருடா சாத்துனா? சுவத்துக்கும் கூரைக்கும் நடுவுல கையே நுழையும். நீங்கதான் ஏர்கோன்னு பூட்டிக்கிட்டீங்க."

அதுதான் விஷயம். புகை அதேதான், வீடுதான் மாறிவிட்டது.

இப்போது தம்பி டியூஷன் போன நேரத்தில், எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிட்டுத்தான் சாம்பிராணி. மூன்று ஊதுவத்தி ஒன்றாகிவிட்டது. விளக்குத் திரியை நீட்டாமல் வைப்பது பாட்டிக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்! இன்ஹேலர் டாக்டர் சொன்னபடியே தொடர்கிறது. லாவெண்டர் மெழுகுவர்த்தியை அம்மா சேலை அலமாரியில் வைத்திருக்கிறார், ஏற்றாமல்.